‘குழப்படி இல்லை, கவனக்குறைபாடு’ என்கிறார் வைத்தியர். இனி வீட்டில் என்ன செய்வது?

உப்புவெளி_அம்மா
ஞாயிறு, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. போன கிழமை கிளினிக்கில் மனநல வைத்தியர் அவனுக்கு ஏ.டி.எச்.டி இருக்கிறது என்று சொன்னார். கவனக்குறைவும் அளவுக்கு மிஞ்சிய துடியாட்டமும் சேர்ந்த குறைபாடு என்று விளங்கப்படுத்தினார். இரண்டு வருடமாகக் ‘குழப்படிக்காரன்’, ‘சொல்வழி கேளாதவன்’, ‘எந்த நேரமும் பராக்கு’ என்று கேட்டுக் கேட்டு, அதுதான் அவனுடைய பெயர் என்பதுபோல் எனக்கும் பழகிவிட்டது.

நேற்று மாலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டு வேலை ஐந்து கணக்கு. 4.30க்கு இருத்தினேன். முதல் கணக்கு ஒரு நிமிடத்தில் சரி. இரண்டாவதில் பென்சில் முனை உடைந்தது. சீவ எழும்பினான். போகும் வழியில் பூனை. பூனைக்குப் பின்னால் வளவு. கூட்டிவந்து இருத்தினேன். அழிறப்பரைக் கிள்ளிக் கிள்ளி மேசை முழுக்க வெள்ளைத் துகள். மூன்றாவது கணக்கில் 8 என்று எழுத வேண்டிய இடத்தில் அதைப் படுக்கவைத்து, ஒரு வால் போட்டு, ஒரு கண் வைத்து மீன் ஆக்கியிருந்தான். மணி 6.30. எனக்குத் தாங்கவில்லை, கையில் அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. “அம்மா, நான் செய்யத்தான் நினைச்சனான்” என்றான். அந்த ஒரு சொல்லில் இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

மாமி நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். கணவர், அடுத்த வருடம் புலமைப்பரிசில், மருந்து கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்க வேண்டாம் என்கிறார். வைத்தியர் மெதைல்பெனிடேட் என்ற குளிசையைப் பற்றிச் சொல்லி, வீட்டில் கதைத்து முடிவெடுத்து வரச் சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.


சாம்பல்தீவான்
திங்கள், காலை 6.15

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். எங்கள் காலத்தில் இந்த வருத்தம் எல்லாம் இருந்ததில்லை. குழப்படி செய்தால் அடி, அதோடு சரி. இப்போது போன் கையில் வந்த பிறகுதான் இந்தப் பெயர்கள் எல்லாம் வந்தன. போனைப் பறித்துவிட்டுப் பிள்ளையைக் கடற்கரையில் ஓடவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். பிடித்த விடயம் என்றால் மணிக்கணக்கில் இருப்பான்தானே? அப்படியென்றால் கவனம் இருக்கிறது, மனம்தான் இல்லை. அதற்கு ஏன் குளிசை?


உப்புவெளி_அம்மா
திங்கள், காலை 6.40

கோபம் இல்லை அண்ணா. நீங்கள் கேட்டதுதான் எனக்கும் விளங்கவில்லை. அலஸ்தோட்டக் கரையில் கரைவலை இழுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் நிற்பான். எந்தக் கயிற்றில் எத்தனை பேர், எந்த அண்ணா கயிறு சுருட்டினார் என்று வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொல்லுவான். ஆனால் காலையில் ஒரு சப்பாத்துப் போட்டால் மற்றதைத் தேடுவதற்கிடையில் முதலாவதைக் கழற்றியிருப்பான்.


கிண்ணியா_தாதி
திங்கள், இரவு 9.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தாதி. சிறுவர் பகுதியில் பல வருடம் வேலை செய்தவள். உங்கள் பிள்ளையின் விடயத்தில் உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு, நான் விளக்கம் மட்டும் தருகிறேன்.

கரைவலைக் கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டிய நேரத்தில் அங்கிருந்து எடுக்கவும்தான் அவர்களால் முடிவதில்லை. வலை இழுக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் ஏதோ புதிதாக நடக்கிறது. கயிறு வருகிறது, மடி தெரிகிறது, மீன் துள்ளுகிறது. கணக்குக் கொப்பியில் எதுவும் துள்ளாது. அங்கே கவனத்தை உள்ளிருந்து பிடித்து நிறுத்த வேண்டும், அந்தப் பிடிதான் இவர்களுக்குப் பலமில்லை. கரைவலைக்கு முன்னால் நீங்களே “வா, போவோம்” என்று கூப்பிட்டால் வருகிறானா என்று பாருங்கள். அங்கிருந்து எடுக்கவும் அவனால் முடியாது.

போன் விடயம். போன் பார்ப்பதைக் குறைப்பது நல்லதுதான், அதுவும் இரவில். ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் விரிவுரை செய்தது 1902 இல். அப்போது எங்கே போன்? இனிப்புச் சாப்பிடுவதால் வருகிறது என்றும் சொல்வார்கள். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் சீனியால் பிள்ளைகளின் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை. பல்லுக்காகக் குறையுங்கள், இதற்காக இல்லை.

துடியாட்டமான பிள்ளை எல்லோருக்கும் இந்தப் பெயரை வைப்பதும் இல்லை. கவனம் பற்றி 9 அறிகுறி, துடியாட்டமும் அவசரமும் பற்றி 9 அறிகுறி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்திலாவது 6 இருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் மட்டும் என்றோ பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றோ இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ அது குழப்ப வேண்டும். அதனால்தான் வைத்தியர் வகுப்பு ரீச்சரிடமும் படிவம் நிரப்பிவரச் சொல்லுவார்.

கண், காது பரிசோதித்தார்களா? இல்லையென்றால் கேளுங்கள். காது கொஞ்சம் மந்தமான பிள்ளையும் வெளியில் பார்த்தால் சொல்வழி கேளாத பிள்ளைதான். குறட்டை விட்டு இரவு நித்திரை குழம்புகிற பிள்ளை பகலில் துடியாட்டம் போடும். ஒரு வகை வலிப்பில் பிள்ளை சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும், அதையும் பராக்கு என்று ஏசிக்கொண்டிருப்பார்கள்.

மருந்து பற்றி நாளை இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன்.


பாலையூற்று_ரீச்சர்
செவ்வாய், மாலை 4.10

மகள், நான் ஆரம்பப் பிரிவில் 26 வருடம் படிப்பித்தவள். முதல் பத்து வருடம் இந்தப் பிள்ளைகளை நானும் ஏசினேன், முழங்காலில் நிறுத்தினேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகன் சொன்னதைப் பாருங்கள். “செய்யத்தான் நினைச்சனான்.” அவன் பொய் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில், அந்த இடத்தில் செய்ய முடியவில்லை. ஆகவே புத்திமதி உதவாது, புத்திமதி அவனிடம் நிறைய இருக்கிறது. உதவி மேசையில் இருக்க வேண்டும்.

இன்று மாலை இப்படிச் செய்து பாருங்கள். அவன் இருக்குமுன் மூன்று பென்சிலைச் சீவி முன்னால் வையுங்கள். எழும்ப அவனுக்கு ஒரு காரணம் குறையும். ஒரு வெள்ளைத் தாளால் கொப்பியை மூடி ஒரு கணக்கு மட்டும் தெரிய விடுங்கள். அது முடிந்ததும் தாளைக் கீழே இறக்குங்கள். இரண்டு கணக்கு முடிந்தால், நீங்களே அவனை எழுப்பிக் கிணற்றடிவரை ஓடிவரச் சொல்லுங்கள். அவனாக எழும்பினால் குற்றம், நீங்கள் எழுப்பினால் இடைவேளை. இந்த வித்தியாசம் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொல்வது அவன் காதில் ஏறாது. கிட்டப் போய், தோளில் கை வைத்து, முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். “பல் தீட்டி, உடுப்பு மாற்றி, புத்தகம் அடுக்கு” என்றால் அவனுக்குப் பல் தீட்டுவதே பாதிதான் நினைவிருக்கும்.

பாராட்டும்போது ‘கெட்டிக்காரன்’ என்று சும்மா சொல்லாமல், “இரண்டாவது கணக்கை எழும்பாமல் முடிச்சிட்டாய்” என்று நடந்ததைச் சொல்லுங்கள். உடனே சொல்லுங்கள். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருவேன் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளுக்கு வேலை செய்யாது, மாதக் கடைசி அவர்களுக்கு அவ்வளவு தூரம்.


ஸ்காபரோ_திருமலையான்
செவ்வாய், இரவு 11.35

அக்கா, நான் உவர்மலையில் வளர்ந்தவன், இப்போது கனடாவில். எனக்கு 38 வயதில்தான் இது இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், அதுவும் மகளைக் காட்டப் போன இடத்தில். வைத்தியர் அவளைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் எனக்குள் ஓம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாம்பல்தீவு அண்ணா, அந்தக் காலத்திலும் இது இருந்தது. பெயர்தான் இருக்கவில்லை. கோட்டைக்குள் மான் பார்க்கப் போய் ரியூசனை மறந்த பிள்ளை நான். அடி விழுந்தது. நான் திருந்தவில்லை, ஒளிக்கப் பழகினேன். தண்ணிப் போத்தல் தொலைந்தால் வகுப்பில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்பேன். பத்து வயதில் எனக்கு நல்லாகப் பொய் சொல்ல வரும். அடியால் எனக்குக் கிடைத்த படிப்பு அது.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டில் முக்கால் பங்குவரை பரம்பரையால் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே அக்கா, உங்கள் வளர்ப்பில் பிழை என்று யார் சொன்னாலும் காதில் போடாதீர்கள்.

இன்னொரு ஆய்வும் எனக்கு உதவியது. 2007 இல் அமெரிக்காவில் பிள்ளைகளின் மூளையை ஸ்கான் செய்து பார்த்தார்கள். மூளையின் மேற்பட்டை வளர்ந்து தடிப்பில் உச்சத்துக்கு வரும் வயது, நடுக்கணக்காக, மற்றப் பிள்ளைகளுக்கு 7.5. இந்தப் பிள்ளைகளுக்கு 10.5. அதாவது வளர்ச்சி பிந்துகிறது. உங்கள் மகன் கேட்கும் கேள்விகள் ஒன்பது வயதுக் கேள்விகள்தான், அதற்கு மேலாகக்கூட இருக்கும். ஆனால் பை அடுக்குவது, பொறுத்திருப்பது, நேரம் பார்ப்பது இவற்றில் ஆறு வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்ப்பீர்களோ அவ்வளவு எதிர்பாருங்கள். நான் மகளிடம் அப்படித்தான் நடக்கிறேன். வீட்டில் சத்தம் பாதியாகிவிட்டது.


மூதூர்_உம்மா
புதன், காலை 5.30

இந்த இழையை வாசித்துக்கொண்டு விடியற்காலையில் அழுதுகொண்டிருக்கிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது. துடியாட்டமே இல்லை, வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. யன்னலைப் பார்த்தபடி இருப்பாள். “நல்ல அமைதியான பிள்ளை, படிப்புத்தான் ஏறாது” என்று ரீச்சர் சொல்லுவார். கேள்வியின் முதல் பாதியை வாசித்துவிட்டு மறுமொழி எழுதுவாள். இதுவும் அதுவா?


கிண்ணியா_தாதி
புதன், காலை 10.05

இருக்கலாம் ராத்தா, காட்டிப் பாருங்கள். துடியாட்டம் இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை இருக்கிறது. பெண் பிள்ளைகளில் அதுதான் அதிகம் தவறிப்போகிறது, யாருக்கும் தொல்லை கொடுக்காததால் யாரும் கேட்பதில்லை. கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் பழைய கொப்பிகள் இரண்டு மூன்றைக் கொண்டுபோங்கள். வாயால் சொல்வதைவிட அது வைத்தியருக்கு உதவும்.

இனி மருந்து. உப்புவெளித் தங்கச்சி, மெதைல்பெனிடேட் புது மருந்து இல்லை. 1944 இல் உருவாக்கியது. 1950களிலிருந்து பாவனையில் இருக்கிறது. நித்திரைக் குளிசை இல்லை, பிள்ளையைத் தூங்கவைப்பதும் இல்லை. சரியான அளவில் கொடுத்தால் பிள்ளை மந்தமாவதில்லை. மந்தமாக, பொம்மைபோல் இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். குறுகிய நேரக் குளிசை ஏறத்தாழ 4 மணித்தியாலம் வேலை செய்யும், பிறகு உடம்பிலிருந்து போய்விடும். பசி குறையும், சிலருக்கு நித்திரை பிந்தும், வயிறு நோகும், தலை இடிக்கும். அதனால்தான் கிளினிக்கில் உயரம், நிறை, பிரஷர், நாடித் துடிப்பு பார்ப்பார்கள். பிள்ளைக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருதய வருத்தம் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து எடுத்த பிள்ளைகள் பிறகு போதைக்குப் போகிறார்கள் என்ற பயமும் உங்கள் கணவருக்கு இருக்கலாம். அந்த ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

குளிசை ஒன்றே போதும் என்றும் சொல்லமாட்டேன். 1999 இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் பார்த்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. கவனம், துடியாட்டம் இரண்டுக்கும், ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் மூன்று வருடத்தில் அந்தக் குழுக்களுக்கிடையில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வழிகாட்டலும் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முதலில் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் செய்யக்கூடிய மாற்றங்களைச் செய்து, அதற்குப் பிறகும் பிள்ளை கஷ்டப்பட்டால் மருந்து என்கிறது. ரீச்சர் சொன்னதை ஒரு மாதம் செய்யுங்கள். நாட்குறிப்புப் போல எழுதுங்கள். அதை வைத்தியரிடம் காட்டிக் கதையுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக்கில் எப்போதும் தாய்மார்தான் தனியாக வந்து இருப்பார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே கவலை.


சாம்பல்தீவான்
புதன், இரவு 8.45

எல்லாம் வாசித்தேன். போன் விடயத்தில் என் கருத்தை நான் மாற்றவில்லை. ஆனால் ஸ்காபரோத் தம்பி எழுதிய பொய் சொல்லப் பழகின கதை நெஞ்சில் குத்தியது. என் மூத்தவனும் அப்படித்தான், எதைக் கேட்டாலும் முதலில் “நான் இல்லை” என்பான். வளர்ந்து சரியாகிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது 24 வயது, மூன்றாவது வேலையும் விட்டாயிற்று. பெரிய ஆட்களுக்கும் இங்கே பார்ப்பார்களா?


கிண்ணியா_தாதி
புதன், இரவு 9.30

பார்ப்பார்கள் அண்ணா. மனநலக் கிளினிக்கிலேயே கேட்கலாம். மகன் நேரே போக வெட்கப்பட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் சேவை, 24 மணித்தியாலமும் இருக்கும். வீட்டில் தாங்க முடியாத இரவு வந்தால் உப்புவெளித் தங்கச்சி, நீங்களும் அதற்கு அழைக்கலாம்.


உப்புவெளி_அம்மா
வியாழன், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பென்சில் சீவி வைத்தேன், தாளால் மூடினேன். 50 நிமிடத்தில் நான்கு கணக்கு. ஐந்தாவதை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்று அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், இடைவேளைக்கும் விடவில்லை. சாப்பாட்டுப் பெட்டி மூடியபடியே திரும்பி வந்தது. அடி விழுந்ததா என்று கேட்டேன், ‘கொஞ்சம்’ என்றான். ரீச்சரிடம் போய்க் கேட்டால் பிள்ளைமேல் இன்னும் கோபப்படுவாரோ என்று பயமாக இருக்கிறது.


பாலையூற்று_ரீச்சர்
வெள்ளி, காலை 5.50

மகள், பயப்படாமல் போங்கள். ஆனால் முறைப்பாடு கொண்டுபோகாமல், உதவி கேட்டுப் போங்கள். பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே இருக்கிறது, அது அதிபருக்கும் தெரியும். தேவைப்பட்டால் அதை அதிபரிடம் கதையுங்கள். வகுப்பாசிரியரிடம் முதல் நாளே அதை நீட்டினால் கதவு மூடிவிடும். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவரின் களைப்பு எனக்குத் தெரியும்.

கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். மூன்று விடயம் மட்டும் கேளுங்கள். யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, முன் வரிசையில் இடம். கரும்பலகை அழிக்க, கொப்பி சேர்க்க என்று நடமாடும் வேலையை அவனுக்குக் கொடுப்பது. இடைவேளையைப் பறிக்காமல் இருப்பது. மற்றவை எல்லாம் பிறகு. ஓடி ஆட வேண்டிய பிள்ளையை அந்த இருபது நிமிடமும் மறித்து வைத்தால் அடுத்த பாடம் ரீச்சருக்குத்தான் நரகம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

புலமைப்பரிசிலை இப்போதைக்கு நினைக்காதீர்கள். பரீட்சை வரும்போது விசேட தேவை என்று ஏதும் சலுகை கேட்கலாமா என்று அதிபரிடம் நேரத்தோடு கதைத்து வையுங்கள், அது போதும்.


ஸ்காபரோ_திருமலையான்
7 கிழமைக்குப் பிறகு, ஞாயிறு

உப்புவெளி அக்கா, எப்படி இருக்கிறான்?


உப்புவெளி_அம்மா
ஞாயிறு, இரவு 9.05

தம்பி, கேட்டதற்கு நன்றி. நிறைய நடந்துவிட்டது.

கண், காது பார்த்தோம், பிழை இல்லை. ஒரு மாதம் எழுதிய கொப்பியோடு நானும் கணவரும் போனோம். வைத்தியர் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கணவர் கேட்க நினைத்த எல்லாவற்றையும் கேட்டார். திரும்பி வரும்போது ஓட்டோவில் பேசவே இல்லை, வீட்டு வாசலில் இறங்கித்தான் “நானும் இப்படித்தான் இருந்தேன்” என்றார். மூன்று கிழமையாகக் காலையில் ஒரு சிறிய குளிசை கொடுக்கிறோம்.

வீட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல் வைத்திருக்கிறோம். கரையில் அவனே பொறுக்கிய சிப்பிகள் ஒரு கிண்ணத்தில். ஒரு வேலையை எழும்பாமல் முடித்தால் ஒரு சிப்பியைப் போத்தலில் போடுவான். பத்துச் சேர்ந்தால் அன்றைக்கோ மறுநாளோ கரைவலை பார்க்கப் போவோம். முதல் கிழமை கோபத்தில் நான் ஒரு சிப்பியைத் திருப்பி எடுத்துவிட்டேன். அவன் போத்தலையே நிலத்தில் கொட்டினான். பிறகு விளங்கியது, உழைத்ததை எடுக்கக்கூடாது. இப்போது குழப்படி செய்தால் அடுத்த சிப்பி பிந்தும், உள்ளே விழுந்தது அவனுடையது.

பள்ளிக்கூடத்தில் முன் வரிசை கிடைத்தது. கொப்பி சேர்க்கும் வேலையும் கிடைத்தது. இடைவேளைக்கு விடுகிறார்கள். நல்ல நாளும் இருக்கிறது, சப்பாத்தைத் தேடி பஸ்ஸை விட்ட நாளும் இருக்கிறது. நான் கை நீட்டி 19 நாள். அதையும் கொப்பியில் எழுதுகிறேன். மாமி இன்னும் மிளகாய் சுற்றுகிறார், அது அவருடைய அன்பு, நான் தடுக்கவில்லை.

தாதி அக்காவிடம் ஒரு கேள்வி. மதியச் சாப்பாடு பாதி திரும்பி வருகிறது. இரவு எட்டு மணிக்குப் பசி என்று வந்து நிற்கிறான், புட்டும் மீன்குழம்பும் வயிறு நிறையச் சாப்பிடுகிறான். நிறை குறைந்துவிடுமா?


கிண்ணியா_தாதி
ஞாயிறு, இரவு 9.40

அல்ஹம்துலில்லாஹ். நன்றாகச் செய்கிறீர்கள் தங்கச்சி. மதியப் பசி குறைவது இந்தக் குளிசைக்கு வழமை. காலையில் சாப்பிட்ட பிறகு குளிசை கொடுங்கள், அந்தக் காலைச் சாப்பாடு முட்டை, கடலை என்று கொஞ்சம் பலமானதாக இருக்கட்டும். இரவு கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். அடுத்த கிளினிக்கில் நிறையைப் பழைய நிறையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் அளவை மாற்றுவதா என்று வைத்தியர் பார்ப்பார். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.


உப்புவெளி_அம்மா
ஞாயிறு, இரவு 9.52

சரி அக்கா. வியாழக்கிழமை கிளினிக். நிறை பார்த்துக்கொண்டு வந்து எழுதுகிறேன். மூதூர் ராத்தா, மகளைக் காட்டினீர்களா?